மாஸ்க் கொடுத்தும் இருமல் நிற்கவில்லையா? வன்னியில் கழிவகற்றும் தொழிலாளரின் நெஞ்சைக் காப்பது பற்றி

கேள்வி இது. வன்னியில் ஒரு பிரதேச சபையின் கழிவகற்றல் பிரிவில் 18 பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு ட்ரெக்டர், தரம்பிரிக்கும் கொட்டகை, சேதனப் பசளை செய்யும் தளம், மிச்சத்தைக் கொட்ட ஒரு மேடு. சோளகக் காற்று எழும்பினால் எல்லோருக்கும் இருமல். பசளைக் குவியலைப் புரட்டுகிற அன்று இரவு இரண்டு பேருக்குக் காய்ச்சல் காய்கிறது. அடுத்த நாள் மாறிவிடுகிறது. நீல மாஸ்க் பெட்டி பெட்டியாகக் கொடுத்தும் ஒருவரும் ஒழுங்காகப் போடுவதில்லை. எந்த மாஸ்க் வாங்குவது, எத்தனை வாங்குவது, வேறென்ன செய்யலாம் என்று அவர்களின் மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார்.

அந்தக் காய்ச்சலில் இருந்தே தொடங்குகிறேன். முழுக் கேள்விக்கும் திறப்பு அதில்தான் இருக்கிறது.

குவியலைப் புரட்டி 4 முதல் 12 மணித்தியாலத்துக்குள் குளிர் நடுக்கம், உடம்பு உளைவு, தலையிடி, வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் வந்து, ஒன்றிரண்டு நாளில் தானாக மாறினால், அது பெரும்பாலும் கிருமி தொற்றிய காய்ச்சல் அல்ல. உக்கும் குப்பையில் இருக்கும் பூஞ்சண வித்துகளும், செத்த பக்டீரியாக்களின் சுவரில் இருந்து வரும் எண்டோடொக்சின் என்ற நச்சும் ஒரேயடியாக நெஞ்சுக்குள் போனதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆனால் அன்று அந்த மனிதர் அளவுக்கு மிஞ்சிய தூசியை உள்ளே எடுத்திருக்கிறார் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறிய விவசாயிக்கு வருவதும் இதே வகைதான். இது திரும்பத் திரும்ப வந்தால் சிலருக்கு நுரையீரலே ஒவ்வாமைப்பட்டுவிடும். பிறகு கொஞ்சத் தூசிக்கே மூச்சு வாங்கும், உடம்பு மெலியும், கடைசியில் நுரையீரல் தழும்பேறி இறுகும். அந்தத் தழும்பு மாறாது. ஆகவே "நேற்றுக் காய்ச்சல், இன்றைக்குச் சுகம்" என்று விட்டுவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குப்பையோடு வேலை செய்பவருக்கு டெங்கும் எலிக்காய்ச்சலும் வரக்கூடியவை. காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நின்றாலோ, கண் சிவந்தாலோ, கெண்டைக்கால் தசை நொந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தூசிக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் கிடக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இனி நீல மாஸ்க். அது சத்திரசிகிச்சைக்கு என்று செய்யப்பட்டது. போட்டிருப்பவரின் வாயில் இருந்து தெறிக்கும் துளி மற்றவரில் படாமல் தடுப்பதே அதன் வேலை. கன்னத்தின் இரு பக்கமும், மூக்கின் ஓரமும், நாடியின் கீழும் திறந்தே இருக்கும். மூச்சை இழுக்கும்போது காற்று துணிக்குள்ளால் வராது, இலகுவான வழியால், அதாவது அந்த இடைவெளிகளால் வரும். மாலையில் ஒரு தொழிலாளி கழற்றிய நீல மாஸ்க்கைப் பார்த்தால் விளங்கும்: வெளிப்பக்கம் மண்ணிறம், உள்ளே இரண்டு ஓரங்களிலும் விசிறி விரித்த மாதிரி கரிய கோடுகள். அந்தக் கோடுகள் தூசி உள்ளே போன பாதை. கழுத்தில் இருக்கும் துவாயை மூக்கோடு சுற்றுவதும் இதே கதை. பெரிய மண்ணைத் தடுக்கும், வித்துகளைத் தடுக்காது. பூஞ்சண வித்து 2 முதல் 5 மைக்ரோன் அளவு, தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஆக, தொழிலாளர்கள் அதைப் போடாமல் விட்டதில் அவர்களுக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. பயன் தெரியாத பொருளை வெயிலில் ஆர்தான் முகத்தில் வைத்திருப்பார்?

நல்ல மாஸ்க் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தூசியை எழும்பும் இடத்திலேயே அமத்துவது. மாஸ்க் கடைசி வேலி மட்டுமே. முன்வேலி தண்ணீர்.

பசளைக் குவியலுக்கு 50 முதல் 60 வீதம் ஈரம் வேண்டும். கையுறை போட்ட கையால் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும், கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது. 40 வீதத்துக்குக் கீழே இறங்கிய குவியலைப் புரட்டினால் புகை மாதிரி எழும்பும். பலர் செய்யும் பிழை, புரட்டும்போது மேலே மட்டும் தண்ணீர் தெளிப்பது. மேற்பரப்பில் இருந்து ஒரு சாண் உள்ளே, சூடு 55 முதல் 65 பாகை செல்சியஸில் நிற்கும் இடத்தில், சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் படை ஒன்று இருக்கும். அது சாம்பல் அல்ல, சூட்டில் வளரும் நுண்ணுயிர். காய்ந்திருக்கும் அந்தப் படையை மண்வெட்டி உடைக்கும் கணத்தில்தான் கோடிக்கணக்கான வித்துகள் முகத்துக்கு நேரே பறக்கின்றன. ஆகவே புரட்டுவதற்கு முதல் நாள் பின்னேரமே, குவியலின் மேலே கம்பியால் அடிக்கொரு துளை குத்தி, தண்ணீரை மெதுவாக உள்ளே இறக்க வேண்டும். கணக்கு இப்படி: 35 வீத ஈரத்தில் காய்ந்து கிடக்கும் ஒரு தொன் குவியலை 55 வீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 440 லீற்றர் தண்ணீர் வேண்டும். இரண்டு பீப்பாய்க்குச் சற்றுக் கூட. ஒரு வாளி தெளித்து ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் புரட்டும்போது பூவாளியாலோ தெளிப்பு மூக்கு உள்ள குழாயாலோ மெல்லிய தூறலாக விடலாம். குழாயை நேரே பீச்சி அடிக்கக் கூடாது. அது தூசியைக் கிளப்பித்தான் விடும்.

முடிந்த பசளையை வலையில் அரிப்பது முழு வேலையிலும் மோசமான தூசி. இங்கே ஈரம் 35 முதல் 40 வீதத்துக்குள் நின்றால் நல்லது. கூடினால் வலைக் கண் அடைக்கும், குறைந்தால் தூள் பறக்கும். வலை அடைக்கிறது என்று பசளையை வெயிலில் பரப்பி நன்றாகக் காயவைத்து அரிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதுதான் நெஞ்சுக்கு எமன்.

காற்று எங்கே இருந்து வருகிறது என்பதை வன்னியில் ஆருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சோளகம் தென்மேற்கால் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை, புரட்டுபவர்கள் குவியலின் தென்மேற்குப் பக்கம் நிற்க வேண்டும். தரம்பிரிக்கும் மேசையில் காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். சாப்பாட்டுக் கொட்டகை குவியலின் வடகிழக்கில் இருந்தால், புரட்டும் நாளில் எல்லோரும் சோற்றோடு அந்தத் தூசியையும் உண்கிறார்கள். கொட்டகையை மாற்றுவது கடினம் என்றால் புரட்டும் நேரத்தை மாற்றுங்கள். விடியற்காலை 6 மணிக்குக் காற்றும் விழுந்திருக்கும், பனி ஈரமும் இருக்கும்.

வீதி கூட்டுவதற்கும் அதே நேரம்தான் நல்லது. ஏ9 ஓரம் கிரவல் தூளும் மணலும் சேர்ந்து கிடக்கும். அதில் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கா என்ற கனிமத் தூள் உண்டு. குனிந்து கூட்டும் கட்டைப் பிடி விளக்குமாறு முகத்தைத் தூசிக்குக் கிட்டக் கொண்டுபோகும். இடுப்புக்கு மேல் உயரமான பிடி போட்டுக் கொடுங்கள், நாரிநோவும் குறையும். கூட்டும் முன் பூவாளியால் தெளிக்க ஒருவர் போதும்.

ஏற்றும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. ட்ரெக்டர் பெட்டியின் பக்கப் பலகைக்கு மேலால் கூடையைத் தலைக்கு மேல் உயர்த்திக் கொட்டினால் பாதித் தூசி கொட்டுபவரின் முகத்திலேயே விழும். பின்பலகையைத் திறந்து, பின்னால் இருந்து நிரப்பிக்கொண்டு போய், முக்கால்வாசி நிறைந்த பிறகு மட்டும் பக்கத்தால் போடலாம். பெட்டிக்குள் ஏறி நின்று குப்பையை மிதித்து அமத்துபவர்தான் எல்லோரையும்விடக் கூடுதலாகத் தூசி எடுக்கிறார். பெரும்பாலும் அது ஆகவும் வயது குறைந்த பெடியனாக இருக்கும். அந்த இடத்தை ஒருவருக்கே நிரந்தரமாகக் கொடுக்காமல் சுற்று முறையில் மாற்றுங்கள். நீளப் பிடி வாரி கொடுத்தால் கீழே நின்றே அமத்தலாம். கொட்டிய பிறகு பெட்டியைக் காய்ந்தபடி கூட்டாமல் கழுவுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மாஸ்க். கடையில் கேட்க வேண்டியது அமெரிக்கத் தரத்தில் என்95, ஐரோப்பியத் தரத்தில் எஃப்எஃப்பி2. முதலாவது மிக நுண்ணிய துகளில் குறைந்தது 95 வீதத்தையும், இரண்டாவது 94 வீதத்தையும் வடிக்க வேண்டும். நடைமுறையில் இரண்டும் ஒன்றே. முகத்தோடு சரியாக ஒட்டினால் வெளியே உள்ள தூசியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே வராது. ஒட்டாவிட்டால் அந்த 95க்கு அர்த்தமே இல்லை.

போலி நிறைய வருகிறது. உண்மையான என்95இன் மேலேயே நியோஷ் (NIOSH) என்ற அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனத்தின் பெயரும், ரிசி-84ஏ (TC-84A) எனத் தொடங்கும் அதன் அனுமதி இலக்கமும் அச்சிட்டிருக்கும். தலையைச் சுற்றும் இரண்டு பட்டி இருக்கும். காதில் கொழுவும் வளையம் இருந்தால் அது அந்த அனுமதி பெற்ற என்95 அல்ல. எஃப்எஃப்பி2இல் இஎன் 149 என்ற தர இலக்கமும், சிஈ முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் பாருங்கள். அதே வரியில் டி (D) என்ற எழுத்து இருந்தால் அடைப்புச் சோதனையிலும் தேறியது என்று பொருள். தூசி கூடிய நம் வேலைக்கு அந்த எழுத்து உள்ளதையே தேடி எடுங்கள். கேஎன்95 சீனத் தரம். வடிதுணி நன்றாக இருக்கலாம், ஆனால் காது வளையத்தால் கன்னத்தில் இறுகாது. வேறொன்றும் கிடைக்காத நாளுக்கு நீல மாஸ்க்கைவிட அது மேல்.

முன்னால் சின்னப் பிளாஸ்டிக் வால்வு உள்ளதை எடுங்கள். வெளிவிடும் மூச்சு அதன் வழியே போவதால் உள்ளே வெக்கை குறையும், மாஸ்க் கெதியில் நனையாது. கிருமி பரவும் காலத்தில் வால்வு மற்றவர்களைக் காக்காது என்பது உண்மை. குப்பை மேட்டில் நம் பிரச்சினை அது அல்ல. கரி அடுக்கு வைத்தது என்று கூடிய விலைக்கு விற்பதை வாங்குவதாக இருந்தால், அது நாற்றத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். நச்சு வாயுவைத் தடுக்காது.

போடும் முறையைத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். கையைக் கழுவித் துடைத்து, மாஸ்க்கைக் கிண்ணம் மாதிரி உள்ளங்கையில் ஏந்தி, மூக்குக் கம்பி மேலே இருக்கும்படி நாடியில் வைத்து மேலே மூடுங்கள். மேல் பட்டி தலையின் உச்சிப் பின்பக்கம், கீழ்ப் பட்டி காதுக்குக் கீழே பிடரியில். இரண்டு பட்டியையும் பிடரியிலேயே போடுவதும், கீழ்ப் பட்டியை வெட்டி எறிவதும் நாளாந்தம் காணும் பிழைகள். இரண்டிலும் நாடிப்பக்கம் வாய் பிளந்துவிடும். பிறகு மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் ஒரே நேரத்தில் மூக்கின் இரு பக்கமும் அழுத்தி இறக்குங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர் விழுந்து, அந்த மடிப்பால் காற்று ஒழுகும். கடைசியில் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பொத்திப் பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணில் காற்றுப் பட்டால் மூக்குக் கம்பி சரியில்லை, கன்னத்தில் பட்டால் பட்டி சரியில்லை. வால்வு உள்ளதென்றால் ஊதாமல் உள்ளே இழுத்துப் பாருங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்ளே இழுபட வேண்டும். பத்து விநாடி வேலை. ட்ரெக்டர் ஸ்டார்ட் பண்ண முன்னர் எல்லோரும் ஒன்றாக நின்று செய்தால் பழகிவிடும்.

அப்படியும் ஒழுகினால் மாஸ்க்கின் அளவு அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை. சின்ன முகமுள்ள அக்காமாருக்குப் பொதுவாகச் சிறிய அளவு வேண்டும். ஒரே மாதிரியில் முந்நூறு பெட்டி எடுப்பதைவிட, இரண்டு மூன்று மாதிரியில் ஒவ்வொரு பெட்டி எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள். மூக்குத்தி மாஸ்க்கின் ஓரத்தைத் தூக்கினால் அந்த இடத்தால் ஒழுகும். வேலை நேரத்தில் கழற்றி வைப்பதே வழி. உயர்ந்த கொண்டை மேல் பட்டியை வழுக்கி இறக்கும். கொண்டையைத் தாழ்த்தி, பட்டியை அதற்கு மேலால் விடலாம். தாடி இன்னும் சிக்கல். ஒரு நாள் வளர்ந்த குறுமுடியே ஒட்டைக் கெடுக்கும். சமய வழக்கப்படி தாடி வைத்திருக்கும் சகோதரர்களுக்கும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்ப்பவர்களுக்கும் இந்த மாஸ்க் காவல் தராது. அவர்களைச் சங்கடப்படுத்தாமல், அந்தக் காலத்துக்கு ஈரக் குப்பை ஏற்றும் வேலை, தண்ணீர் தெளிக்கும் வேலை என்று தூசி குறைந்த இடத்துக்கு மாற்றுவது மேற்பார்வையாளரின் பொறுப்பு.

குவியல் புரட்டும் இருவருக்கும், அரிக்கும் ஒருவருக்கும் பாவித்து எறியும் மாஸ்க் போதாது. றப்பர் அல்லது சிலிக்கன் முகமூடியில் இரண்டு பக்கமும் வடிதட்டு பூட்டும் வகை வாங்குங்கள். வடிதட்டு அமெரிக்கத் தரத்தில் பி100 அல்லது ஐரோப்பியத் தரத்தில் பி3 ஆக இருக்க வேண்டும். முகத்தில் நன்றாக ஒட்டும், பல ஆண்டு உழைக்கும். ஆனால் பராமரிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிய வடிதட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முகமூடியை மட்டும் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். முன்னால் உள்ள மூடியைத் திறந்தால் நாணயம் அளவில் மெல்லிய றப்பர்ச் செதில் ஒன்று தெரியும். அது மூச்சை வெளியே விட்டு உள்ளே வராமல் அடைக்கும் வால்வு. பசளைத் தூளோ ஒரு முடியோ அதன் கீழே ஒட்டினால், செதில் முழுக்கப் படியாது. அடுத்த இழுப்பில் வடிக்காத காற்று நேரே உள்ளே வரும். "இவ்வளவு விலை கொடுத்தும் தூசி மணக்குது" என்று தொழிலாளி சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தச் செதில். அது நெளிந்தோ சுருண்டோ இருந்தால் மாற்றுங்கள், சின்ன உதிரிப்பாகம்தான். வடிதட்டைத் தண்ணீரில் கழுவவோ தட்டித் தூசி உதறவோ கூடாது. மூச்சு இழுக்கக் கனத்தால் புதியது போடுங்கள்.

எறியும் மாஸ்க்கையும் கழுவக் கூடாது. அதன் நடுத்துணியில் நிலைமின் ஏற்றம் உண்டு. நுண்தூசியைப் பிடிப்பது பெருமளவு அதுதான். சவர்க்காரமோ கை சுத்தம் செய்யும் அற்ககோலோ பட்டால் அது போய்விடும். பார்வைக்கு மாஸ்க் புதிதாகவே இருக்கும், வேலை செய்யாது.

எண்ணிக்கைக்கு வருவோம். 18 பேரில் மூவருக்கு றப்பர் முகமூடி போக மிச்சம் 15 பேர். மாதம் 26 வேலை நாள் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றாக 390. சோளக மாதங்கள் ஐந்திலும் ஏற்றுபவர்களுக்கும் தரம்பிரிப்பவர்களுக்கும் வியர்வையில் மாஸ்க் நனைந்துவிடும். நனைந்ததால் மூச்சு விடுவது கடினம். அவர்கள் பத்துப் பேர் என்றால் ஆளுக்கு இன்னொன்று, மாதம் 260 கூட, மொத்தம் 650. ஆண்டுக்கு ஐந்து மாதம் 650, ஏழு மாதம் 390, ஆக 5980. இருபதின் பெட்டியில் ஏறத்தாழ 300 பெட்டி. பாதீட்டில் இதைக் கண்டால் சபையில் கேள்வி வரும். அந்தப் பத்துப் பேருக்கும் றப்பர் முகமூடியே வாங்கி, மாதம் ஒருமுறை ஆளுக்கு இரண்டு வடிதட்டு மாற்றினால் அவர்களுக்கு ஆண்டுக்கு 240 வடிதட்டுப் போதும். இரண்டுக்கும் விலைமனு கேட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்கும் காசு போதாது என்றால் இருக்கும் நல்ல மாஸ்க்கை எல்லோருக்கும் கிழமைக்கொன்றாகப் பங்கிட வேண்டாம். அரிப்பவர், புரட்டுபவர், பெட்டிக்குள் மிதிப்பவர், தரம்பிரிப்பவர் என்ற ஒழுங்கில் முதலில் கொடுங்கள்.

மாஸ்க்கை ட்ரெக்டர் முன்தட்டில் வெயில் படப் போட்டால் பட்டி இளகிவிடும். பெயர் எழுதிய கடதாசிப் பையில் போட்டு, கொட்டகைச் சுவரில் ஆளுக்கொரு ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள்.

வெத்திலையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வாயில் வெத்திலை இருக்கும் ஒருவர் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாஸ்க்கை நாடிக்கு இறக்கித் துப்புவார். குப்பை அளைந்த கையுறையாலேயே அதன் உள்பக்கத்தைப் பிடித்து மேலே ஏற்றுவார். வெளியே ஒட்டியிருந்ததெல்லாம் இப்போது உள்ளே. வெத்திலையை விடு என்றால் ஒரே நாளில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, காற்றுக்கு மேல்பக்கம், கை கழுவ வாளியும் சவர்க்காரமும் வைத்த நிழலில் பத்து நிமிட ஓய்வு கொடுத்தால், தண்ணீர், தேத்தண்ணீர், வெத்திலை எல்லாம் அங்கே முடியும். பங்குனி, சித்திரை வெக்கையில் ஓய்வில்லாமல் மாஸ்க் போடச் சொல்வது நியாயமும் அல்ல.

மாஸ்க் தடுக்காதவற்றைத் தொழிலாளர்கள் மாஸ்க்கைவிட முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். என்95ஓ பி100ஓ தூசியைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

குப்பை எரியும் புகையில் கரித்துகளோடு காபனோரொட்சைட்டும், பிவிசி குழாயும் வயரும் எரிந்தால் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சினும் வரும். மாஸ்க் போட்டுக்கொண்டு புகைக்குள் நிற்கலாம் என்று நினைப்பது ஆபத்து. பிளாஸ்டிக் அடங்கலான குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு: காணி துப்புரவாக்கி வரும் குப்பையில் யுத்த காலத்து வெடிபொருள் கலந்திருக்கலாம், நெருப்பில் அது வெடிக்கும். அப்படிச் சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல், ஆட்களை விலக்கி, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். தானாகப் பிடித்த நெருப்பென்றால், காற்றுக்கு மேல்பக்கம் நின்று ஓரடி கனத்துக்கு மண் போட்டு மூடுங்கள். தண்ணீர் மட்டும் அடித்தால் மேலே அணைந்து உள்ளே புகைந்துகொண்டிருக்கும்.

கானுக்குப் போடும் ரி.சி.எல் என்ற குளோரீன் தூளை அமிலம் கலந்த மலசலகூடச் சுத்திகரிப்பானோடு சேர்த்தால் குளோரீன் வாயு கிளம்பும். ஒரே வாளியை இரண்டுக்கும் பாவிக்கக் கூடாது. கரைசல் செய்யத் தண்ணீருக்குள் தூளைப் போடுங்கள். மூக்கு எரிந்தால் உடனே காற்றுக்கு மேல்பக்கம் விலகி, கண்ணைக் கால் மணித்தியாலம் தண்ணீரில் கழுவ வேண்டும்.

மலக்குழியும், குப்பை மேட்டின் கழிவுநீர்க் கிடங்கும் உயிரெடுக்கும் இடங்கள். ஐதரசன் சல்பைட்டு முதலில் கூழ்முட்டை மணம் மணக்கும். 100 பிபிஎம் அளவை, அதாவது காற்றின் பத்து இலட்சம் பங்கில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போய் மணம் தெரியாது. "மணம் போயிட்டுது, இறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆள் விழும் நேரம். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி அவரும் விழுவது உலகெங்கும் நடக்கும் சாவு. பவுசர்க் குழாயை மேலே நின்றே இறக்குங்கள். உள்ளே அடைத்தாலும் நீளத் தடிதான், ஆள் அல்ல. எந்த மாஸ்க் போட்டிருந்தாலும் குழிக்குள் தலை போகக் கூடாது.

உமிச் சாம்பலும் அஸ்பெஸ்டஸும் குப்பையோடு சேர்ந்து வரும். நெல் ஆலையின் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கடும் சூட்டில் எரிந்ததென்றால் நுரையீரலைத் தழும்பாக்கும் பளிங்குச் சிலிக்காவும் இருக்கும். ஆலைக்காரரிடம் நனைத்துச் சாக்கில் கட்டித் தரச் சொல்லுங்கள். காய்ந்த சாம்பலை ஏற்ற மறுக்கலாம்.

கூரை சீட் இன்னும் கவனம். யுத்தத்தில் உடைந்த வீடுகளின் சீட்டும், மீள்குடியேறிப் போட்ட கூரையை மாற்றும்போது கழற்றும் சீட்டும் வன்னியில் தாராளமாகக் குப்பைக்கு வருகின்றன. அதில் அஸ்பெஸ்டஸ் நார் இருக்கும். ட்ரெக்டர் பெட்டிக்குள் எறிந்து மிதித்து உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அதன் நோய் 20, 30, 40 ஆண்டு கழித்தே முகம் காட்டும். அப்போது அந்தத் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார், ஒருவருக்கும் காரணம் நினைவிருக்காது. சவர்க்காரம் கொஞ்சம் கலந்த தண்ணீரால் நனைத்து, உடைக்காமல் முழுதாக எடுத்து, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டி, மேட்டின் தனி மூலையில் மண் மூடிப் புதைக்க வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வையுங்கள். இந்த வேலைக்கு பி100 அல்லது எஃப்எஃப்பி3. போட்டிருந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வேலைத்தளத்தில் நனைத்துக் கழுவ வேண்டும். பிள்ளையைத் தூக்கும் சேட்டில் அந்த நார் இருக்கக் கூடாது.

வைத்தியப் பக்கம். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைக்கு மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புங்கள், இலவசம். காசநோய் குப்பையால் வருவதில்லை, இருமும் மனிதரிடமிருந்து காற்றில் வருவது. ஆனால் சிலிக்காத் தூசி படிந்த நுரையீரலில் அது இலகுவாகப் பிடிக்கும். ஒரே கொட்டகையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும் 18 பேருக்கு அது முக்கியம்.

முட்டு, இழுப்பு உள்ளவர்களுக்கு, வேலையால் வருகிறதா என்று பார்க்க விலை குறைந்த கருவி ஒன்று உண்டு. ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீற்றர். எழும்பியதும், வேலை நடுவில், வேலை முடிய, படுக்க முன் என நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று தரம் ஊதி ஆகக் கூடிய எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும். லீவு நாளையும் சேர்த்து நான்கு கிழமை. வேலை நாளில் எண் இறங்கி, ஞாயிறில் ஏறினால், ஒரே நாளுக்குள் 20 வீதம் மட்டில் ஆடினால், அந்தக் கொப்பியோடு வைத்தியரைப் பார்க்க வேண்டும். வெறும் வாய்ப்பேச்சாக "வேலைக்குப் போனால் முட்டுது" என்பதைவிட அது நிற்கும். தொழிலால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கும் திகதியிட்ட பதிவு தேவை. எந்தத் திகதி புரட்டினார், எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது என்று உங்கள் வரவுப் பதிவேட்டிலேயே ஒரு நிரல் கூட்டுங்கள்.

அமைய ஊழியர்கள் நோயை ஒளிப்பார்கள். வேலை மாற்றினால் நாட்கூலி குறையும் என்ற பயம். கூலி குறையாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தால்தான் இருமல் உங்கள் காதுக்கு வரும். காய்ச்சல் வந்த அந்த இருவரையும் அடுத்த புரட்டலில் ஈடுபடுத்தாமல் இப்போதே சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புங்கள். அவர் தரும் கடிதத்தில் "இலகு வேலை" என்று மட்டும் இருந்தால் சபையில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். "பசளைக் குவியல் புரட்டுதல், அரித்தல், உலர் குப்பை தரம்பிரித்தல் ஆகியவற்றில் ஈடுபடுத்த வேண்டாம்" என்று வேலையின் பெயரைச் சொல்லி எழுதித் தரக் கேளுங்கள்.